பக்கெட்டில் இருக்கிறது விலை

ஆடியில் கச்சான் காற்று வறண்டு வீசத் தொடங்கினால், தெமோதரையில் ஸ்டோர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தேயிலை வாசம் மாறியது தெரியும். காற்றில் காயும் கொழுந்தில் மெத்தைல் சாலிசிலேட் என்றொரு சேர்வை கூடுகிறது. மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் இதுதான். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கும்போது இதைத்தான் முதலில் சொல்வேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரும் இந்தத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மவுசு. கொழுந்து கிள்ளுகிறவர் கைக்கு வருவதோ சம்பளம் மட்டும்.

1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டனின் சாமர்த்தியம் பக்கெட்டில் இருந்தது. சிறு பக்கெட்டில் அடைத்து, தன் பெயரைப் போட்டு, தன் கடைகளிலேயே விற்றார். இதைத்தான் இன்று பெறுமதி சேர்த்தல் என்கிறோம். 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இதையே அடிப்படையாகக் கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்த்தலுக்கும் அங்கே ஒரு பட்டநெறி உண்டு, முயற்சியாண்மைக்கும் உண்டு.

பெறுமதி சேர்ப்பதோடு சூழலையும் காக்கும் புத்தாக்கம் என்றால் என்னவென்று பார்க்க ஸ்டோருக்குள் போனாலே போதும். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். சலிக்கும்போது நாரும் தூசுமாய் ஒரு பங்கு கழிகிறது. ஆனால் அந்தக் கழிவிலும் கஃபீன் இருக்கிறது, பிரித்தெடுத்து விற்கலாம். மட்கவைத்தால் உரம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது மலை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதையெல்லாம் கற்பிக்கும் தேயிலைத் தொழில்நுட்பப் பட்டநெறிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். உயர்தர விஞ்ஞானம் உள்ள தோட்டப் பாடசாலைகளோ மிகக் குறைவு. மிலாறு சுமந்து அடுப்பெரித்து, தேயிலையோடேயே வளர்ந்த பிள்ளை, ஆய்வுகூடம் இல்லாததால் கலைப் பிரிவுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

“படிச்சிட்டு வந்து திரும்பவும் தேயிலையிலயா டீச்சர்?” என்று என் மாணவி ஒருத்தியின் தாய் கேட்டார்.

“கொழுந்தெடுக்க இல்லம்மா, அவ பேர்ல பக்கெட் போட” என்றேன்.

அதற்கு இடம் வேண்டும். லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் காணி உறுதி இல்லை. அடகு வைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? பட்டத்தோடு வருகிற பெண் ஒரு சின்ன இயந்திரம் வைக்கவாவது சொந்தமாய் ஒரு துண்டு நிலம் தேவை. ஆய்வுகூடத்தோடு சேர்த்து அதையும் நாம் இப்போதே கேட்க வேண்டும்.