மூளைக்குள் ரத்தம் கசிந்தால்

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று கை கால் விழுந்துவிட்டால், யாருக்கோ நெஞ்சுவலிக்கு வாங்கி வைத்த ஆஸ்பிரினை வாயில் போடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாத காரியம் இது. பக்கவாதம், ரத்தக்குழாய் அடைத்தும் வரும். குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்தும் வரும். கசிவில் ஆஸ்பிரின் கேட்டைக் கூட்டிவிடலாம். உலக அளவில் பக்கவாதங்களில் கால் பங்குக்கு மேல் கசிவுதான்.

வாய் கோணுவதும் பேச்சு குழறுவதும் இரண்டுக்கும் பொது. கடும் தலைவலி, வாந்தி, நினைவு மங்குதல் இருந்தால் கசிவோ என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். சி.டி. ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரிந்துவிடும். எனவே 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வழியில் தண்ணீரோ சோடாவோ புகட்ட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

கசிவுக்கு முதல் காரணம் பிரஷர். மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய குழாய்கள் வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கி நைந்துபோகின்றன. நாமக்கல்லில் இருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகும் டிரைவரை எண்ணிப் பாருங்கள். மாத்திரை அட்டை பாதி வழியில் தீர்ந்துபோகும். வலியில்லை, மயக்கமில்லை, ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். பிரஷர் ஏறியது உடம்புக்குத் தெரியாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது; அது லாரியிலும் ஏற வேண்டும். இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, பிறவியிலேயே பின்னிக்கிடக்கும் குழாய்கள், முதுமையில் குழாய்ச் சுவரில் படியும் புரதம் ஆகியவையும் காரணமாகலாம்.

'ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்துவிடலாமே' என்றுதான் உறவினர்கள் கேட்பார்கள். எல்லோருக்கும் அது பயன்படாது. சிறுமூளையில் பெரிய ரத்தக்கட்டி மூளைத்தண்டை அழுத்தினால் உடனே திறந்தாக வேண்டும். பலூன்போல் வீங்கிய குழாய் வெடித்திருந்தால், மறுபடி வெடிக்கும் முன் கிளிப் போட்டோ கம்பிச்சுருள் வைத்தோ அடைக்க வேண்டும். ஆழத்தில் உள்ள கசிவுகள் பெரும்பாலும் மருந்தோடுதான்.

மருந்து என்றால் சும்மா படுக்க வைப்பது என்று பொருளில்லை. முதல் சில மணி நேரத்தில் கசிவு பெருகக்கூடும். 2023-இல் லான்செட் இதழில் வெளிவந்த இன்டராக்ட்-3 ஆய்வு, இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்தது. பிரஷரை 140-க்குக் கீழே இறக்குவது, சர்க்கரை, காய்ச்சலைக் கட்டுப்படுத்துவது, ரத்தம் உறையாமைக்கான மருந்தை முறிப்பது ஆகியவற்றை விரைந்து, சேர்த்துச் செய்தபோது நோயாளிகள் கூடுதலாகத் தேறினார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே தொடங்கிவிடலாம்.