வட்டினைப் பங்கிடுதல்



2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிற்று. எல்காட் நிறுவனத்தின் வழியே வந்த அக்கருவிகளில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கள்ளக்குறிச்சியிலாயினும் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலாயினும், அண்ணன் பெற்ற கருவி தம்பி கைக்கு வருவது நம் வீட்டு வழக்கமன்றோ? விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14உடன் பொதுமக்களுக்கு நின்றுபோயின. பழைய கருவியில் புதிய லினக்ஸ் ஒன்றை நிறுவ முற்படும் மாணவன், யாருக்கு எவ்வளவு இடம் என்னும் வினாவை எதிர்கொள்கிறான்.

நடவுக்கு முன் வரப்பை எங்கு வேண்டுமாயினும் போடலாம். கரும்பும் மரவள்ளியும் வளர்ந்து நிற்கையில் வரப்பை நகர்த்துவது எளிதோ? வட்டிலும் அவ்வாறே. ஒரு பகுதியை அதன் வலப்பக்கத்துக் காலியிடத்திற்குள் நீட்டுவது எளிது. இடப்பக்கம் நீட்டவேண்டின் உள்ளிருக்கும் கோப்புகள் அனைத்தும் இடம்பெயர வேண்டும். இடையில் தடை நேரின் மூன்றாண்டுப் பாடக்குறிப்புகள் ஒரு நொடியில் அழியும்.

320 ஜிகாபைட் வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் அதனை 298 என்றே காட்டும். இது களவன்று. செய்தவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கினார். விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. இந்த 298இல் விண்டோசுக்கு 80, லினக்சுக்கு 40 தரலாம். நினைவகம் நிறையும்போது துணைசெய்யும் ஸ்வாப் பகுதிக்கு, 2 ஜிகாபைட் நினைவகமுள்ள கருவியில், 4 போதும். பாடங்களும் படங்களும் வைக்கும் பொதுப் பகுதிக்கு 150. எஞ்சிய 24ஐ லினக்சுக்கு அடுத்தே, அதன் வலப்பக்கத்தில், வெறுமையாக விட்டுவைக்க. முழுவதையும் உடனே பங்கிட்டுவிட வேண்டும் என்னும் ஆசைதான் பலரைக் கெடுக்கிறது.

பொதுப் பகுதியை ஏன் தனியே வைக்கிறோம்? லினக்ஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பைப் படிக்கவும் எழுதவும் வல்லது. விண்டோஸோ லினக்ஸ் பகுதியைத் தானாகப் படிப்பதில்லை. ஆதலின் பொதுப் பகுதியை என்டிஎஃப்எஸ் முறையில் அமைக்க. எஃப்ஏடி 32 முறையில் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பு அடங்காது. விண்டோசை முழுமையாக நிறுத்தாமல் உறங்கவைத்துவிட்டு, லினக்ஸ் வழியே அதன் பகுதியில் எழுதுதலும் ஆகாது.

பழைய எம்பிஆர் முறை வட்டு நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் ஏற்காது. விண்டோஸ் தன் தேவைக்கே இரண்டு மூன்றைப் பிடித்திருத்தல் கூடும். அந்நிலையில் நான்காவதை விரிபகுதியாக்கி, ஏனையவற்றை அதனுள் அமைக்க வேண்டும்.

தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் வேறொரு வட்டிற்குப் படியெடுத்துக்கொள்க. விண்டோஸ் பகுதியை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே சுருக்குக. பழைய மடிக்கணினியின் மின்கலம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். ஆகவே காற்றும் மழையும் அடித்து மின்சாரம் நின்று நின்று வரும் நாளில் இவ்வேலையைத் தொடாதிருங்கள்.