மாத்திரை அட்டையில் இருக்கும் விலை

காப்பீட்டு அட்டையை நீட்டி அடையாறின் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சர்க்கரை மாத்திரை வாங்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ தனியார் பாலிசியோ, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் கைக்காசுதான்.

மாத்திரை அட்டையில் அச்சாகியிருக்கும் எம்.ஆர்.பி.யை, அதாவது அதிகபட்ச சில்லறை விலையை, யார் வைக்கிறார்கள்? அத்தியாவசிய மருந்துகளுக்கு, 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு போடுகிறது. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலையைச் சராசரியாக்கி, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்குப் பொதுவாகக் கம்பெனி வைத்ததே விலை. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவே. தயாரிக்க எவ்வளவு ஆனது என்பது இரண்டு கணக்கிலும் இல்லை.

ஒரே மருந்தின் விலைகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதைச் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு காட்டியது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு நோவார்ட்டிஸ் கம்பெனி விற்ற கிளீவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதே இமாட்டினிப் மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த மனுவை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர மறுத்தது. தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் போதாது, சிகிச்சையில் கூடுதல் பலன் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

இமாட்டினிப், பலர் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரை. முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வரும் ஏழைக் குடும்பத்துக்கு, அந்த விலை வித்தியாசம்தான் சிகிச்சை தொடருமா நிற்குமா என்பதையே தீர்மானிக்கும். நோவார்ட்டிஸ் பலருக்கு இலவசமாகக் கொடுத்ததும் உண்மை. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் தர்மம் நின்றுவிடும். போட்டி இருக்கும் வரை விலை ஏறாது.

அன்றாட மாத்திரைகளிலும் பிராண்டுக்குப் பிராண்டு விலை மாறுகிறது. சீட்டில் டாக்டர் ஒரு பிராண்டை எழுதிவிட்டால், சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய ‘ஷெட்யூல் எச்’ மருந்துக்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தாமாகக் கொடுக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. எனவே பிராண்டுக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) எழுதித் தரும்படி டாக்டரிடமே தயங்காமல் கேட்க வேண்டும். அந்தச் சீட்டோடு மலிவு விலையில் விற்கும் மத்திய அரசுத் திட்டத்தின் மக்கள் மருந்தகத்துக்கோ, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுவதும் 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்துக்கோ போகலாம். அரசு ஆஸ்பத்திரியில் காசே வேண்டாம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மூலப்பெயரில் மொத்தமாக வாங்கும் மாத்திரைகள்தான் அங்கே தரப்படுகின்றன.