உணவும் அதன் உறையும்

தேயிலை ஈரத்தையும் பிற மணங்களையும் விரைவில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் காரீயத் தகட்டைப் பதித்தனர். பின்னர் அவ்விடத்தை அலுமினியத் தகடு பெற்றது. காரீயம் உடலுக்கு நஞ்சு என்பதை இன்று நாம் நன்கறிவோம். ஈரத்தைத் தடுத்தால் மட்டும் போதாது. உறையே உணவைக் கெடுக்காதிருத்தலும் வேண்டும். தேயிலைக்குக் காட்டும் இக்கவனத்தை நம் பிள்ளைகளின் உணவுக்கும் காட்டுகின்றோமா?

மலேசியாவின் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் தீங்கு தரும் கலன்களில் உணவை விற்பதைத் தடுக்கின்றன. பிஸ்பினால் ஏ கலந்த குழந்தைப் பால்புட்டிகளும் 2012 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டன. ஆனால் சட்டம் கடையைக் காக்கும். அடுப்படியைக் காக்க வேண்டியவர் நாமே.

முதலாவது, சூடு. கொதிக்கும் தேநீரையும் குழம்பையும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றலாகாது. வெப்பமும் எண்ணெயும் சேருமிடத்தில் பிளாஸ்டிக்கிலுள்ள வேதிப்பொருள்கள் எளிதில் உணவிற் கலக்கும். குளிர் மிகுந்த நம் மலையில் சூடான பானம் தேவைதான்; அதற்கு எவர்சில்வர்த் தூக்கு இருக்கின்றது.

இரண்டாவது, செய்தித்தாள். எண்ணெய் வடியும் வடையை அதிற் சுற்றினால் அச்சுமை வடையில் ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இதனை எதிர்த்து எச்சரித்தது. வாழையிலை நமக்கு அந்நியமன்று.

மூன்றாவது, அனைத்தினும் கொடியது, மருந்து டின். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருந்த டின்னை எத்தனை முறை கழுவினும் அதன் சுவர்களில் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும். அதில் குடிநீரோ அரிசியோ வைத்தல் ஒருபோதும் கூடாது. காலி டின்னைத் துளையிட்டுத் தோட்ட நிருவாகத்திடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எஞ்சிய மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைப்போர் உளர். பிள்ளை அறிவது புட்டியை மட்டுமே; உள்ளிருப்பதை அன்று. 2020 சனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு மாற்றுமருந்தே இல்லை. ஒரு வாய் அளவு உயிரைப் போக்கவல்லது.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை உங்கள் வீட்டு அடுக்களையைச் சுற்றிப் பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைக் கண்டால் திறவாதீர்கள், முகராதீர்கள். உடனே பெற்றோரிடம் கூறுங்கள். பெற்றோரே! பிள்ளை கூறும்போது சினவாது செவிமடுங்கள்.