பாதி வட்டமும் ஓடும் ரயிலும்



இரண்டரை மணி நேரம் ஓடும் திரைப்படம் ஒன்றைப் பார்க்கிறீர்கள். அப்படம் வழக்கமான முறையில் எடுக்கப்பட்டதாயின், அந்த இரண்டரை மணியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் காமிரா கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? வியப்பாகத் தோன்றினும் உண்மை அதுவே. பாதிக் காலம் பதிவாகாமலே போயிற்று. நாமோ எதையும் இழந்ததாக உணர்வதில்லை. இஃது எங்ஙனம் இயலுகிறது என்பதையே இன்று ஆராய்வோம்.

சினிமா என்பது தனித்தனி நிழற்படங்களின் வரிசை என்பதை நீங்கள் அறிவீர்கள். பேசும் படம் தோன்றிய நாள்தொட்டு, விநாடிக்கு 24 படங்கள் என்பது வழக்கமாயிற்று. பிலிம் சுருள் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கணம் அசையாது நிற்க வேண்டும். அடுத்த கணம் ஒரு கட்டம் நகர வேண்டும். நகரும்போது ஒளி பட்டால் படம் முழுதும் கோடு கோடாகக் கெட்டுவிடும். ஆகவே லென்சுக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. அதன் ஒரு பகுதி வெட்டப்பட்டுத் திறந்திருக்கும். இதுவே ஷட்டர். திறந்த பகுதி வரும்போது ஒளி நுழையும். மூடிய பகுதி வரும்போது இருளில் பிலிம் நகரும்.

வட்டத்திற்கு 360 பாகை என்று வடிவியலில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? தகட்டில் திறந்த பகுதி எத்தனை பாகையோ, அதுவே ஷட்டர் கோணம். பாதி வட்டம் திறந்திருந்தால் 180 பாகை. விநாடிக்கு 24 சுற்று சுழலும் தகட்டில் பாதியே திறப்பு என்றால், ஒவ்வொரு படத்திற்கும் ஒளி கிடைக்கும் நேரம் 1/48 விநாடி. கணக்கு அவ்வளவே.

நேரத்தைச் சொல்லாமல் கோணத்தைச் சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்த காலத்தில், காமிராவைக் கையால் சுற்றுவதே வழக்கு. கை தளர்ந்தால் வேகம் குறையும். ஒளி படும் நேரம் நீளும். விநாடிக்கு 16 படம் என்ற வேகத்தில், அதே பாதி வட்டம் 1/32 விநாடி திறந்திருக்கும். நேரம் மாறினும் தகட்டின் கோணம் மாறாது. எனவே மாறாத ஒன்றைக் கொண்டு அளப்பதே அறிவுடைமை.

இனி, ஒளி படும் அந்தச் சிறு நேரத்தில் பொருள் அசைந்தால் என்ன ஆகும்? நான் வாழும் பொத்தேரியையே எடுத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையே உள்ள ரயில் நிலையம் இது. இங்கே நில்லாமல் ஒரு ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது என்று கொள்ளுங்கள். அஃதாவது விநாடிக்கு 20 மீட்டர். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ரயில் 83 சென்டிமீட்டர் நகர்கிறது. அதில் ஷட்டர் திறந்திருக்கும் பாதி நேரத்தில் 42 சென்டிமீட்டர் கடக்கிறது. எனவே பெட்டியின் சன்னல் விளிம்பு கூர்மையாகப் பதியாது. 42 சென்டிமீட்டர் இழுபட்டு மங்கலாகப் பதியும்.

இம்மங்கல் குறைபாடா? தனிப்படத்தில் குறைபாடுதான். ஆனால் ஓடும் படத்திலோ அதுவே ஒரு படத்தை மறு படத்தோடு தைக்கும் நூல்! கோணத்தை 45 பாகையாகக் குறைத்துப் பாருங்கள். திறப்பு 1/192 விநாடி. மங்கல் சுமார் 10 சென்டிமீட்டர்தான். சன்னல் தெளிவாகத் தெரியும். ஆனால் இடையே பதிவாகாத வெளி 73 சென்டிமீட்டராக விரிந்துவிடுகிறது. கண்ணுக்கு ரயில் வழுக்கிச் செல்வதாகத் தோன்றாது; துள்ளித் துள்ளித் தாவுவதாகத் தோன்றும். தனிப்படம் தெளியத் தெளிய, ஓட்டம் உடைகிறது. மாறாக, கோணத்தை மிகப் பெருக்கினால் ஓட்டம் இழையும், உருவமோ கரைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசமே 180 பாகை.

அச்சமரசத்தை வேண்டுமென்றே மீறுவோரும் உண்டு. 1998-இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' என்னும் ஆங்கிலப் படத்தின் கடற்கரைப் போர்க் காட்சிகளை, ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி 45, 90 பாகைகளில் எடுத்தார். சிதறும் மண்துகள் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிகிறது; வீரர்களின் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரிகிறது. பார்ப்பவர் நெஞ்சம் பதறுகிறது. இலக்கணம் அறிந்து மீறிய மீறல் அது.

நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியும் உண்டு. நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. பழைய வகைக் குழல்விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 1/48 விநாடி இதனோடு சரியாகப் பொருந்தாது. திரையில் ஒளி துடிக்கக்கூடும். எனவே ஒளிப்பதிவாளர் கோணத்தை 172.8 பாகையாக வைப்பர். வகுத்துப் பாருங்கள், சரியாக 1/50 விநாடி வரும். ஒவ்வொரு படமும் இரண்டு மினுக்கங்களை முழுமையாக வாங்கிக்கொள்ளும், துடிப்பு மறையும். 60 சுழற்சி மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இதே வேலைக்கு 144 பாகை பயன்படும்.

இன்றைய டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் சுழலும் தகடு கிடையாது. ஆயினும் கோணம் என்னும் சொல் நிலைத்துவிட்டது. உங்கள் கைப்பேசியும் இவ்விதிக்கு உட்பட்டதே. மாமல்லபுரக் கடற்கரையில் நண்பகல் வெயிலில் அலையைப் படம்பிடித்தால், ஒளி மிகுதியால் கைப்பேசி தானாகவே திறப்பு நேரத்தை மிகவும் சுருக்கிவிடும். நீர்த்துளிகள் கண்ணாடிச் சில்லுகள்போல் தெறிக்கும். அலையின் ஓட்டமோ வெடுக்கென்றிருக்கும். சினிமாவில் காணும் அலை போல் இல்லையே என்று நீங்கள் வருந்தியிருந்தால், காரணம் இதுவே; விலை குறைந்த கருவி என்பதன்று.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வெயில் தணிந்த மாலையில், திறப்பு நேரத்தைக் கையால் அமைக்கும் வசதியைக் கொண்டு, விநாடிக்கு 25 படம் என்று வைத்து, தெருவில் செல்லும் மிதிவண்டியை முதலில் 1/50 விநாடியிலும், பின்னர் 1/1000 விநாடியிலும் எடுங்கள். இரண்டாவதில் படம் இருண்டால் ஒளியுணர்வைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு நிறுத்தி ஒரு தனிப்படத்தையும் பாருங்கள். நிற்கும்போது எது அழகு, ஓடும்போது எது அழகு என்பதை உங்கள் கண்களே தீர்ப்புரைக்கும். ரயிலை எடுக்க விரும்புவோர் நடைமேடையின் விளிம்பை விட்டு நன்கு விலகி நிற்க வேண்டும் என்பதை ஆசிரியன் என்ற முறையில் வற்புறுத்திச் சொல்கிறேன்.