விண்ணில் எரிபொருள் ஊட்டுதல்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கிண்ணியாவை அடுத்துள்ளது குறிஞ்சாக்கேணி. அதற்கு வடக்கே சீனக்குடாவில், இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் இன்றும் நிற்கின்றன. நெடுந்தூரம் செல்லும் கப்பல், பயணம் முழுவதற்கும் வேண்டிய எண்ணெயைத் தொடக்கத்திலேயே சுமப்பதில்லை; இடைத்துறையில் நிரப்பிக்கொள்கிறது. அதற்கென எழுந்தவையே அக்குதங்கள்.

விண்கலத்துக்கும் இத்தகைய துறை வேண்டும். தரையிலிருந்து எழும் ராக்கெட்டின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எரிபொருளும், அதை எரிக்கத் துணைசெய்யும் பொருளுமேயாம். பூமியைச் சுற்றும் பாதையை அடைவதற்குள் அதிற் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அப்பாதையிலேயே மீண்டும் நிரப்ப இயலுமாயின், அதே கலம் சந்திரனுக்கும் அப்பாலும் செல்லும்.

இதில் இடர்கள் இரண்டு. முதலாவது, இரு கலங்கள் சந்திப்பது. முன்னே செல்வதைப் பிடிக்கக் கருதிப் பின்வரும் கலம் விசையைக் கூட்டினால், அது உயர்ந்த பாதைக்கு ஏறி மேலும் பின்தங்கிவிடும். எட்டிப் பிடிக்க வேண்டுமாயின் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும். 2011இல் வெளிவந்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்னும் கணினி விளையாட்டில் இளைஞர் பலர் இவ்வுண்மையைத் தவறிப் தவறியே கற்றனர்.

இரண்டாவது இடர், திரவத்தின் போக்கு. எடையற்ற நிலையில் அது தொட்டியின் அடியில் தங்காது. வாயுவோடு கலந்து மிதக்கும். குழாயில் வாயு புகுந்தால் எரிபொருள் ஒழுங்காகப் பாயாது. அவ்விளையாட்டிலோ, கலங்கள் இணைந்தபின் எரிபொருள் தடையின்றி மாறிவிடும். பாவனைச் சோதனையின் பயனும் எல்லையும் இங்கே புலனாகின்றன: எதைக் கணக்கில் எழுதினோமோ, அதை மட்டுமே அது சோதிக்கும்.

1978 பெப்ரவரியில் சோவியத் 'புரோகிரஸ் 1' கலம், 'சல்யூட் 6' விண்நிலையத்துக்கு எரிபொருள் வழங்கியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் 'ஸ்டார்ஷிப்' கலத்தினுள், ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குக் கடுங்குளிர்த் திரவத்தை மாற்றும் சோதனை நடைபெற்றது.

இந்தியாவின் இஸ்ரோ 2024 டிசம்பர் 30ஆம் நாள், ஏறத்தாழ 220 கிலோகிராம் எடையுள்ள இரு 'ஸ்பேடெக்ஸ்' கலங்களை ஏவியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் நிகழவிருந்த இணைப்பு ஒத்திவைக்கப்பட்டது. முயற்சியை இடையில் நிறுத்த நேரும் ஒரு நிலை கண்டறியப்பட்டமையால், தரையில் மேலும் பாவனைச் சோதனைகள் தேவைப்பட்டன. ஜனவரி 16ஆம் நாள் அவை இணைந்தன. ஏப்ரலில் இரண்டாம் முறை இணைந்தபோது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் செலுத்தப்பட்டது. எரிபொருள் மாற்றம் இதனினும் கடினமான படியாகும்.

துறையில் நிற்கும் கப்பலின் குழாய் ஒழுகினால், மாலுமி ஓடிச்சென்று அடைப்பான். ஆளற்ற விண்கலத்தில் அம்மாலுமி இல்லை. ஆதலின் அவன் செய்யவேண்டிய யாவும் தரையிலேயே முன்கூட்டி எண்ணப்பட்டாக வேண்டும்.