தலைமேல் வைத்த கை: ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பிறப்பும் நம்பிக்கையும்



சில ஆண்டுகளுக்கு முன் கல்லறைச் சுவர் பிரச்சினைக்காக ஓர் ஊருக்குப் போயிருந்தோம். சாவிலும் பிரிக்கும் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று நினைத்தோம். ஆனால் ஒரு மூதாட்டி கேட்டது வேறு. “எம் பேரன் சாமியாராகிப் பூசை வச்சா, மேலத்தெருக்காரங்க அவன் கையால நன்மை வாங்குவாங்களாய்யா?” எங்களிடம் பதில் இல்லை. ஆனால், அது சுவரைவிடப் பெரிய கேள்வி என்பது மட்டும் புரிந்தது. சுவர், யார் எங்கே இருப்பது என்பதைச் சொல்கிறது. கையோ, யாருக்கு அதிகாரம் என்பதைச் சொல்கிறது.

இதே கேள்வியைக் கேட்ட மக்கள் வேறொரு கண்டத்திலும் இருந்தார்கள். அவர்கள் அமைத்த சிறிய திருச்சபையைப் பற்றியதே இந்தச் சொற்பொழிவு. அதன் பெயர் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை. 1921இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கியது. பெயரில் ஆர்த்தடாக்ஸ் என்றிருந்தாலும், அறிஞர்கள் அதைத் தனித்தியங்கும் கத்தோலிக்கச் சபைகளின் வரிசையிலும் வைத்துப் பார்க்கிறார்கள். போப்பாண்டவரின் ஆளுகையை ஏற்காமல், ஆயர், குரு, திருப்பலி, ஏழு திருவருட்சாதனங்கள் ஆகியவற்றை மட்டும் காத்துக்கொள்ளும் சபைகளே அவை.

இதை நிறுவிய ஜார்ஜ் அலெக்சாண்டர் மெக்வயர் 1866இல் கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்து, ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையில் 1897இல் குருவானார். அவர் பணியாற்றிய இடங்களில் ஒன்று பிலடெல்பியாவின் புனித தாமஸ் ஆலயம். அந்த ஆலயத்தின் கதையே ஒரு பாடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளையரின் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களைச் செபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் எழுப்பி அகற்ற முயன்றார்கள். அப்போது வெளிநடப்புச் செய்தவர்களில் ஒருவரான அப்சலம் ஜோன்ஸின் தலைமையில் எழுந்ததுதான் புனித தாமஸ் ஆலயம். எபிஸ்கோப்பல் திருச்சபை அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் மறைமாவட்டப் பேரவையில் வாக்குரிமையை நெடுங்காலம் மறுத்தது. உள்ளே இடம் உண்டு, முடிவெடுப்பதில் பங்கில்லை.

1905இல் மெக்வயர் ஆர்க்கன்சா மாநிலத்தில் கறுப்பினத்தாரிடையிலான பணிகளுக்குத் தலைமைக் குருவாக அமர்த்தப்பட்டார். எத்தனை சபைகளைக் கட்டினாலும் அவருக்கு மேலே இருந்த ஆயர் வெள்ளையர்தான். 1918இல் அந்தத் திருச்சபை கறுப்பினத்தவர் இருவரைத் துணை ஆயர்களாக்கியது. ஆயர்கள் அவையில் துணை ஆயர்களுக்கு அன்று வாக்கு கிடையாது. அப்பதவி எப்படிப்பட்டதென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்காலி இல்லாமல் பதவி வகிக்கும் ஊராட்சித் தலைவர்களை நாம் அறிவோம்.

அந்தக் காலத்தில்தான் மார்கஸ் கார்வியின் உலகக் கறுப்பர் முன்னேற்றச் சங்கம் நியூயார்க்கின் ஹார்லெமில் பெரும் இயக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1920 மாநாட்டில் மெக்வயர் அதன் தலைமைச் சமயகுருவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இயக்கத்தினருக்கென வழிபாட்டு நூலும் மறைக்கல்வி நூலும் எழுதினார். ஆனால் எந்த ஒரு சபையையும் இயக்கத்தின் அதிகாரபூர்வச் சபையாக்கக் கார்வி விரும்பவில்லை. பல சபைகளைச் சேர்ந்தவர்கள் கூடிய இயக்கம் அது. 1921 செப்டம்பரில் மெக்வயரும் அவரைப் பின்பற்றிய சபையினரும் தனியே கூடித் தங்கள் திருச்சபைக்குப் பெயரிட்டு, அவரையே ஆயராகத் தேர்ந்தெடுத்தனர்.

தேர்ந்தெடுத்தால் போதுமா? கத்தோலிக்க மரபில் போதாது. திருத்தூதர்களிடமிருந்து வழிவழியாக வரும் ஆயர் ஒருவர் தலையில் கைவைத்துத் திருநிலைப்படுத்த வேண்டும். அந்தக் கைக்காக மெக்வயர் ஏன் அலைந்தார் என்பதில்தான் இச்சபையின் உயிர் இருக்கிறது. ‘கறுப்பர் தாமே கூடி நடத்தும் கூட்டம்’ என்று எவரும் ஒதுக்க முடியாத, வெள்ளை ஆயருக்கு உள்ள அதே அதிகாரம் அவருக்குத் தேவைப்பட்டது. தொடப்படுவதே மறுக்கப்பட்ட மக்களுக்குத் தலைமேல் வைக்கப்படும் கை வெறும் சடங்கல்ல.

அந்தக் கை எங்கிருந்து வந்தது? 1921 செப்டம்பர் 28 அன்று சிகாகோவில் மெக்வயரைத் திருநிலைப்படுத்தியவர் ஜோசப் ரெனே விலாத். அவர் ஆயரானதோ 1892இல், நம் பக்கத்துக் கொழும்பில். அங்கே கோவாவைச் சேர்ந்த அன்டோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் ஆல்வாரெஸ், அந்தியோக்கியாவின் சிரிய ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தையின் இசைவோடு அவரைத் திருநிலைப்படுத்தினார். ஆல்வாரெஸ் 1889இல் கோட்டயத்தில், மலங்கரைச் சிரிய ஆயர்களின் கையால் ‘மார் ஜூலியஸ்’ என்ற பெயரில் ஆயரானவர். 1886இல் ரோமும் போர்ச்சுகலும் செய்த உடன்படிக்கையின் விளைவாக இலங்கையிலும் இந்தியாவிலும் கோவாக் குருக்களின் பல கோயில்கள் ஐரோப்பிய மிஷனரிகளின் ஆளுகைக்குப் போயின. அதை எதிர்த்துப் பிரிந்தவர்களின் தலைவர் அவர். அச்சபைக்கு மன்னார்ப் பகுதியிலும் நம் திண்டுக்கல்லிலும் மக்கள் இருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆல்வாரெஸின் இயக்கம் வெள்ளை ஆளுகையை எதிர்த்தது. அது சாதியை எதிர்த்து எழுந்ததல்ல. கோவாக் கத்தோலிக்கரிடையே மதம் மாறிய பின்னும் பிராமணர், சூத்திரர் என்ற பிரிவு நீடித்தது. ஆனாலும் அந்தக் கைவழி நிறவெறியில் வாடிய மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறப்பால் வரும் வாரிசுரிமையைச் சாதி நம்புகிறது. கையால் தரப்படும் வாரிசுரிமையில் பிறப்புக்கு வேலையில்லை. அந்த வாசலைத்தான் மெக்வயர் கண்டுபிடித்தார்.

கோட்பாட்டில் இச்சபை புதுமை எதுவும் செய்யவில்லை. நீசேயா விசுவாச அறிக்கை, ஏழு திருவருட்சாதனங்கள், திருத்தூதர் வழிமரபு எல்லாம் பழையவையே. வழிபாடு ஆங்கிலிக்கன், கத்தோலிக்க முறைகளைத் தழுவியது. குருக்கள் மணம் புரியலாம். புதுமை, கடவுளை யார் உருவில் பார்ப்பது என்பதில் இருந்தது. 1924இல் கார்வி இயக்கத்தின் மாநாட்டில் மீண்டும் மேடையேறிய மெக்வயர், வீடுகளில் உள்ள வெள்ளைக் கிறிஸ்து, வெள்ளை மாதா படங்களை அகற்றி எரிக்கச் சொன்னார். கறுப்புக் கிறிஸ்துவும் கறுப்பு மாதாவும் முன்னால் வந்தார்கள். நாள்தோறும் மண்டியிடும் படத்தில் எசமானின் முகம் இருந்தால், எழுந்து நின்ற பின்னும் மனம் மண்டியிட்டே இருக்கும் என்பது அந்த அறைகூவலின் பொருள்.

செய்தி கடல் கடந்தது. தென்னாப்பிரிக்காவின் டேனியல் வில்லியம் அலெக்சாண்டர் 1927இல் பாஸ்டனுக்கு வந்து மெக்வயரிடம் ஆயர் பட்டம் பெற்றுத் திரும்பினார். கார்வியின் பத்திரிகை வழியாக இச்சபையை அறிந்த உகாண்டாவின் ரூபன் ஸ்பார்டாஸ், 1932இல் அலெக்சாண்டர் கையால் குருவானார். பின்னர் கென்யாவின் கிக்கூயு மக்களிடமும் அலெக்சாண்டர் சென்றார். அந்த விதையில் முளைத்தவையே அவ்விரு நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் சபைகள். பிற்காலத்தில் அவை அலெக்சாந்திரியாவின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தலைமையோடு இணைந்தன. அமெரிக்காவில், ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் புனிதராகப் போற்றி, அவருடைய இசையையே வழிபாடாக்கிய சான் பிரான்சிஸ்கோ சபை 1982இல் இதில் இணைந்தது.

குறைகளையும் பேசுவோம். மெக்வயர் 1934இல் மறைந்த பின் சபையில் பிளவுகள் வந்தன. அது சிறியதாகவே நின்றது. 1938இல் சிரிய ஆர்த்தடாக்ஸ் தலைமை, விலாத் வழியில் வந்ததாகச் சொல்லும் சபைகளோடு தனக்குத் தொடர்பில்லை என்று அறிவித்தது. ஒருவரின் ஏற்பை நம்பி எழுந்த உரிமையை இன்னொருவரின் மறுப்பு அசைத்துப் பார்க்கும். கைக்காக அலைந்ததன் விலை அது.

எனவே அவர்களைப் போல நாமும் தனிச்சபை கட்டுவோம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. உள்ளே நின்று போராடுவோரும் வெளியேறுவோரும் நம் தோழர்களே. இரு தரப்பும் எடுத்துக்கொள்ள இதில் ஒன்று இருக்கிறது. ஒதுக்கப்படுவது வேறு, தனித்து நிற்பது வேறு. பிறர் நம்மைத் தனியே உட்கார வைத்தால் அது இழிவு. முடிவெடுக்கும் அதிகாரத்தோடு நாமே கூடினால் அது அமைப்பு. ஆகவே, எத்தனை இடம் கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்றும் கேட்போம்.

அந்த மூதாட்டிக்கு இன்றும் எங்களிடம் முழுப் பதில் இல்லை. மேலத்தெருக்காரர்கள் வாங்குவார்களா என்பது அவர்களுடைய மீட்பைப் பற்றிய கேள்வி. பேரனின் கை தூய்மையானது என்பதற்கு அவர்களின் சாட்சி தேவையில்லை. மெக்வயரின் மக்கள் 1921இல் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.